சஹனில் சாம்பார்

நம் கணினித் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வருகிற வாரம் முதலாண்டு வகுப்புக்குப் போகப் போகிறீர்கள். அதற்குள் ஒரு கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை, சொல்லுங்கள்.

'இஃப்' பாடம் வரைக்கும் வகுப்பு கலகலவென்று இருக்கும். மழை பெய்தால் குடை எடு, இல்லாவிட்டால் எடுக்காதே. கடைசி பெஞ்சுக்கும் புரியும். அடுத்த வாரம் இஃப்புக்குள் இஃப் வரும். அன்றைக்குத்தான் பாதிப் பேர் ஜன்னல் வழியாகக் காக்கா பார்க்க ஆரம்பிப்பார்கள். எனக்கு ஒரு மாணவி இருந்தாள். கேள்விக்குள் கேள்வி, அதற்குள் இன்னொரு கேள்வி என்று பதினோரு அடுக்கு எழுதினாள். ஒவ்வொரு அடுக்குக்கும் வரி கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போகும் அல்லவா? அவளுடைய நிரல் திரையைத் தாண்டிப் போய்விட்டது. "இன்னும் ரெண்டு இஃப் போட்டா மண்டபத்தூர் கடல்ல போய் விழுந்துரும்மா, நிறுத்து" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

நான் அந்தப் பாடத்தை எப்போதும் வீட்டை வைத்துத்தான் சொல்வேன். வாசல் கதவைத் தாண்டி வந்தவனுக்குத்தான் உள்ளே இருக்கும் அறைக் கதவு தெரியும். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனை அறைக் கதவில் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவ்வளவுதான் பாடம். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! இதைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த நான், அந்தக் கதவில் முட்டிக்கொண்ட கதை இது. பிள்ளைகள் செய்த தப்பைச் சொல்லிச் சிரிக்க யாராலும் முடியும். இது என் தப்பு.

ஃபர்ஹானா என்று ஒரு பெண். முதலாண்டு. கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்வதற்குள் அவளுக்கே அடுத்த கேள்வி வந்துவிடும், அப்படி ஒரு துறுதுறுப்பு. இஃப்புக்குள் இஃப் நடத்திய வாரம், வகுப்பு முடிந்ததும் என் பின்னாலேயே வந்தாள்.

"மிஸ், எங்க ராத்தாவுக்கு நிக்காஹ். விருந்துக்கு வர்றவங்கள யாரு எங்க உக்காரணும்னு பிரிக்கறதுக்கு நான் ஒரு புரோகிராம் எழுதப் போறேன். வாப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"வாப்பா என்ன சொன்னாங்க?"

"'ஒன் கம்ப்யூட்டரு இதெல்லாம் பாத்துக்குமா'ன்னு கேட்டாங்க. பாத்துக்கும்னு சொல்லிட்டேன், மிஸ். நீங்கதான் சரி பாத்துக் குடுக்கணும்."

அவளுடைய வாப்பா அலாவுதீன் பாய் துபாயில் வேலை பார்த்தவர். மூத்த மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் வந்திருந்தார். அவர்கள் வீட்டு விருந்தில் இரண்டு விதமான பந்தி. கீழே சஹன். அகலமான பெரிய தட்டு ஒன்றின் நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். நாலு பேரும் வந்து சேராமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆண்களுக்கு ஒரு ஹால், பெண்களுக்கு ஒரு ஹால். மேல்மாடியில் வாழை இலை, சைவச் சாப்பாடு, அதற்குத் தனிச் சமையல்காரர், தனிப் பாத்திரம். பிற மதத்து நண்பர்கள் மனம் கோணக் கூடாதே என்று நம் ஊரில் காலங்காலமாகச் செய்கிற மரியாதை அது. அவர்கள் சொந்தத்தில் முன்பு நடந்த ஒரு கல்யாணத்தில் யார் மேலே, யார் கீழே என்று வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. அதனால் இந்த முறை ஆளுக்கொரு சீட்டு. ரோஸ் சீட்டு என்றால் சஹன், பச்சைச் சீட்டு என்றால் இலை. யாருக்கு எந்த நிறம் என்பதை ஃபர்ஹானாவின் நிரல் முடிவு செய்யும்.

எழுதிக்கொண்டு வந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அழகாக எழுதியிருந்தாள். முதல் கேள்வி: இவர் பள்ளிவாசல் ஜமாஅத்து ஆளா? ஆம் என்றால், அதற்குள் இரண்டாவது கேள்வி: கறி சாப்பிடுவாரா? சாப்பிடுவார் என்றால் ரோஸ். டாக்டர் கறியை நிறுத்தச் சொன்ன பெரியப்பாக்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்குப் பச்சை. முதல் கேள்விக்கே இல்லை என்றால், நேராக எல்ஸ், அதாவது 'இல்லாவிட்டால்'. பச்சைச் சீட்டு.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் இடைவெளி சரியா, பார்த்தேன். முக்காற்புள்ளி இருக்கிறதா, பார்த்தேன். "மூணு பேர் போட்டு ஓட்டிக் காட்டு" என்றேன். வாப்பா, உம்மா, ராத்தா என்று மூன்று பேரையும் போட்டாள். மூன்றும் ரோஸ் சீட்டு. "வெரி குட்" என்று முதுகில் தட்டினேன். ஊசி போகிற இடத்தைப் பார்த்தவள் உலக்கை போகிற இடத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று எங்கள் வீட்டுக்காரர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. இட்லியை எடுத்து வைத்தால், "அஞ்சுகறிச் சோத்துக்குப் போறப்ப எவனாவது இட்லி திம்பானா?" என்று தட்டை நகர்த்திவிட்டார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தால்ச்சா என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு மனப்பாடம்.

மண்டபத்து வாசலில் ஃபர்ஹானா மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் மருதாணி, முன்னால் லேப்டாப், பக்கத்தில் பிரிண்டர். முகத்தில் அப்படி ஒரு பெருமை! "வாங்க மிஸ், வாங்க சார்" என்று எழுந்து வந்து எங்கள் பெயரைத் தட்டினாள். பிரிண்டர் கர்ரென்று இரண்டு சீட்டைத் துப்பியது.

பச்சை. இரண்டும் பச்சை.

எங்கள் வீட்டுக்காரர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஒன் பாடமா?" என்று காதோரம் கேட்டார். "சும்மா வாங்க" என்று இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கூட்டம் நெரிந்துகொண்டு நிற்கும்போது அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க மனசு வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் நடந்த தவறு என்றுதான் நினைத்தேன்.

மாடியில் போய்ப் பார்த்தால், அடி ஆத்தி! பட்டினச்சேரியிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் இரண்டு வரிசை முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்கே மீன் கொடுக்கிற ஜனம். அவர்கள் இலையில் பீன்ஸ் பொரியல். நடுவில் இருந்த ஓர் அம்மாள் அந்தப் பீன்ஸை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அடியில் ஏதாவது இருக்குமோ என்று. யாரும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. விருந்துக்கு வந்த இடத்தில் எப்படிக் கேட்பார்கள்? எனக்கு அங்கேயே பொறி தட்டியது. 'கறி சாப்பிடுவாரா' என்ற கேள்வி முதல் கதவுக்கு உள்ளே இருக்கிறது. வாசலிலேயே திரும்பிய இத்தனை பேரிடமும் அதை யாரும் கேட்கவேயில்லை. நான் முப்பது வருஷம் சொன்ன பாடம், எனக்கே சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தது.

சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த வரிசைக் கடைசியில் கலியபெருமாளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

கலியபெருமாள் விழிதியூர்க்காரர், விவசாயி. அலாவுதீன் பாயும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பாய் துபாயில் இருந்த வருஷமெல்லாம், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வந்து நிற்கிறவர் இவர்தான். அந்த வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் பாயும் இவரும் ஒரே சஹன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த மனிதர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பச்சைச் சீட்டை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, சோற்றைத் தொடாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நான் படியிறங்கி ஓடினேன். இந்த முழங்காலோடு எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கீழே ஆண்கள் ஹாலில் எல்லாச் சஹனிலும் கை வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு சஹன் மட்டும் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா, பள்ளிவாசல் இமாம், அலாவுதீன் பாய். மூன்று பேர். நாலாவது இடம் காலி. நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பாய் வாசல் பக்கம் திரும்பி, "கலியபெருமாளு எங்கம்மா? வந்துட்டான்னு சொன்னியே?" என்றார்.

ஃபர்ஹானா திரையில் தேடினாள். "வந்துட்டாங்க வாப்பா... மேல... பச்சைச் சீட்டு..."

"மேலயா? அவன யாரு மேல அனுப்புனது?"

"புரோகிராம்..."

பாய் எழுந்துவிட்டார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒன் கம்ப்யூட்டரா என் கூட்டாளியப் பிரிச்சு ஒக்கார வைக்குது? நாப்பது வருஷமா இந்தக் கை அவனோட ஒரே தட்டுல இருந்த கைம்மா. அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

ஃபர்ஹானாவின் கண் நிறைந்துவிட்டது. மருதாணிக் கையால் துடைத்தாள். ராத்தா கல்யாணத்தில், அத்தனை பேர் முன்னால். இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாணவி எழுதியது, எனக்கென்ன என்று பின்னால் நகர்ந்துகொள்ள நிறைய இடம் இருந்தது. நகர்ந்திருந்தால் அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதியிருக்க மாட்டாள்.

"பாய், அவள ஒண்ணும் சொல்லாதீங்க. அத சரி பாத்து வெரி குட் போட்டது நான். தப்பு என்னோடது" என்றேன். பாய் என்னைப் பார்த்தார். டீச்சர் என்பதால் குரலை இறக்கி, மறுபடி உட்கார்ந்தார்.

ஃபர்ஹானா அதற்குள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். "ரெண்டே நிமிஷம் மிஸ். கறி கேள்விய வெளிய எடுத்து முதல்ல போட்டுடுறேன். எல்லாச் சீட்டையும் திரும்ப பிரிண்ட் எடுத்துடலாம்."

சரியான திருத்தம்தான். மார்க் போடுவதென்றால் முழு மார்க். நான் லேப்டாப் மூடியைச் சாத்தினேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீடு பற்றி எரிந்தாலும் முதலில் நிரலைத்தான் திருத்தத் தோன்றும். தப்பான விடையோடு ஒரு மனிதர் மாடியில் உட்கார்ந்திருக்கும்போது, நிரல் சரியாகி யாருக்கு என்ன லாபம்?

"மொதல்ல ஆளப் பாப்போம். அது எங்கயும் ஓடிடாது" என்றேன். "மேல வா. ஒவ்வொருத்தரா கேளு. வாயால கேளு."

கேட்டாள். முதல் வரிசையில் நின்று, "மாமி, நீங்க கறி சாப்பிடுவீங்களா? கீழ சஹன்ல இடம் இருக்கு" என்றாள். பீன்ஸைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே! "நல்லா கேட்ட போ! இத வாசல்லயே கேட்டிருக்கக் கூடாதாடி தங்கம்?" என்று எழுந்தார். இரண்டு வரிசையும் எழுந்தது. எங்கள் வீட்டுக்காரர் அவர்களுக்கும் முன்னால் படியில் நின்றார். எல்லாரும் போகவில்லை, அதுதான் வேடிக்கை. "எனக்கு இந்தப் பாயசம் போதும், நான் இங்கயே இருக்கேன்" என்று ஒரு மீனவர் உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஹானாவுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

கடைசியாகக் கலியபெருமாள்.

"மாமா, தப்பு நடந்துடுச்சு. நீங்க கறி சாப்பிடுவீங்கள்ல? கீழ வாங்க, வாப்பா காத்திருக்காங்க."

அவர் நிமிர்ந்தார். "இல்லம்மா. நான் கவிச்சி தொடறதில்ல. மவளுக்குப் பிரசவம் நல்லபடியா ஆவணும்னு ஒரு வருஷத்துக்கு வேண்டிக்கிட்டேன். பேத்தி பொறந்துருக்கா. இன்னும் நாலு மாசம் இருக்கு." சொல்லிவிட்டு இலையைப் பார்த்தார். "பச்சச் சீட்டு சரியாத்தான் குடுத்திருக்க."

ஃபர்ஹானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? அவள் திருத்தி எழுதியிருந்தாலும், முதல் கேள்வியே கறியா என்று மாற்றியிருந்தாலும், இவருக்குப் பச்சைதான் வந்திருக்கும். விடை சரி. மனிதர் மட்டும் தப்பான இடத்தில் இருக்கிறார். முழு மார்க் போட இருந்தேனே, அந்தத் திருத்தமும் இவரை இதே மாடிக்குத்தான் அனுப்பியிருக்கும்!

ஃபர்ஹானா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் யோசித்தாள். "மாமா, நீங்க யாரோட ஒக்காந்து சாப்பிடணும்னு வந்தீங்க?" என்று கேட்டாள்.

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனோடதாம்மா. வேற யாரோட? சீட்டப் பாத்ததும், சம்பந்தி வீடு பெரிய எடம், நம்ம எதுக்குக் குறுக்கன்னு மேல ஒக்கார வச்சிருப்பான் போலன்னு நெனச்சுட்டேன்."

"வாப்பா இன்னும் கை வைக்கல, மாமா."

"என்னது? இந்நேரம் வரைக்குமா?" மனிதர் இலையை விட்டுத் துள்ளி எழுந்தார். "கிறுக்குப் பய! அவனுக்குச் சுகர் இருக்கு, நேரத்துக்குச் சாப்பிட வேணாம்?"

அவர் முன்னால் இறங்க, நாங்கள் பின்னால். கலியபெருமாள் சஹன் அருகில் போய் நின்று, "டேய், எனக்கு வேண்டுதல்டா. நீ சாப்பிடு. நான் சும்மா பக்கத்துல ஒக்காந்திருக்கேன்" என்றார்.

அலாவுதீன் பாய் ஒரு நிமிஷம் அவரை முறைத்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "இந்தச் சஹன எடுத்துட்டுப் போய் அந்தப் பக்கம் குடுங்க. கறி படாத புதுச் சஹன் ஒண்ணு கழுவிக் கொண்டாங்க. மேலேருந்து வெள்ளச் சோறும் சாம்பாரும் வரட்டும்."

சஹனில் சாம்பாரை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. எல்லார் கண்ணும் மாப்பிள்ளையின் வாப்பா மேல். அவர் சம்பந்தி, விருந்தின் முதல் மரியாதை அவருக்கு. ஆட்டுக்கறியை எடுத்துவிட்டு அவர் முன்னால் சாம்பாரை வைப்பதென்றால் சும்மாவா? ஃபர்ஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தாடியைத் தடவினார். "சாம்பாரு மட்டுந்தானா? அப்பளம் கெடையாதா?" என்றார்.

ஹால் அதிர்ந்தது சிரிப்பில். புதுச் சஹன் வந்தது. வெள்ளைச் சோறு, குழி பறித்துச் சாம்பார், சுற்றிலும் பொரியல், மேலே குடை மாதிரி அப்பளங்கள். இமாம் பிஸ்மில்லாஹ் சொன்னார். நாலு கையும் ஒன்றாக இறங்கின. பாய் முதல் வாய் மென்றுவிட்டு, "பேத்தி பொறந்தத ஏன்டா எனக்குச் சொல்லல?" என்று கேட்டார். "நீ கல்யாண வேலையில இருந்தியேடா" என்றார் அவர். அதன் பிறகு அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்துச் சஹனில் இருந்தவர்கள் தங்களுக்கும் கொஞ்சம் சாம்பார் கேட்டார்கள். கடைசியில் மாடியில் சாம்பார் தீர்ந்து போனது. சைவச் சமையல்காரருக்கு அன்றைக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை ஃபர்ஹானா திருத்திய நிரலைக் கொண்டுவந்தாள். ஜமாஅத்து ஆளா என்ற கேள்வியே அதில் இல்லை. முதலில் யாரோடு உட்கார வேண்டும், அதற்குள் என்ன சாப்பிடுவார். இந்தத் தடவை நான் சோதிப்பதற்கு என் பெயரைப் போட்டேன், எங்கள் வீட்டுக்காரர் பெயரைப் போட்டேன், கலியபெருமாள் பெயரைப் போட்டேன். பிறகு இருவருமாகச் சேர்ந்து இல்லாத ஒருவரைப் போட்டோம். எந்தப் பட்டியலிலும் சேராத ஒருவர். எல்ஸில் என்ன வருகிறது என்று பார்த்தேன். பச்சையும் இல்லை, ரோஸும் இல்லை. 'நேரில் போய்க் கேள்' என்று வந்தது.

நீங்கள் அடுத்த வாரம் பாடம் நடத்தும்போது, பிள்ளைகள் எல்ஸ் என்று எழுதிவிட்டு மிச்சப் பேரை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி அதற்குள் போடுவார்கள். போடும்போது நிறுத்துங்கள். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு யாராவது காத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளியும் முக்காற்புள்ளியும் கணினியே பார்த்துக்கொள்ளும்.

போன மாதம் ஃபர்ஹானா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே எட்டுப் பேர். இப்போது அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

"மிஸ், ரெண்டே கேள்வி. கறியா, சைவமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே குளியலறையிலிருந்து, "கறி!" என்று சத்தம் வந்தது.

"சரிங்க சார். யாரோட ஒக்காருறீங்க?"

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. "கலியபெருமாள் சஹன்ல எனக்கு ஒரு எடம் கெடைக்குமாம்மா?"

"கெடைக்கும் சார். ஆனா வேண்டுதல் முடிஞ்சும் அவங்க கவிச்சி தொடல. எங்க வீட்டு விசேஷத்துல இப்பல்லாம் அந்தச் சஹன்ல எப்பவும் சாம்பார்தான்."

ஃபர்ஹானா பேனாவோடு காத்திருந்தாள். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி," என்றார் அவர், "சாம்பார்னே எழுதிக்க."